ஏழாவதாக உட்கார்ந்தவள்

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் முதுகலை படித்தேன். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் விழிப்பேன். கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மனிதர் எங்கே தடுமாறுகிறார், அவர் தடுமாறாமலிருக்க நிரலை எப்படி மாற்றி எழுதலாம் என்கிற படிப்பு. ஈப்போ மாமா, "தடுமாறுனா மண்டையில ரெண்டு போட்டா சரியாப் போவும் லா. இதுக்கு ஏன் சீமைக்குப் போவணும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர.

அக்கா செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். மூன்றாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவள். அவள் வெட்டியதால்தான் நான் படித்தேன்.

ஆய்வுக்காக ஊருக்கு வந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவுசெய்ய ஒரு நிரல் எழுதியிருந்தேன். திரையில் மலாயில் எட்டுக் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். அதிகம் படிக்காதவர்களும் இதைக் கையாள முடியும் என்று காட்டுவதுதான் என் ஆய்வு. தோட்டத்து மண்டபத்தில் கணினியை வைத்தேன். ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது விதி. தோட்டத்தில் யார் தனியாக வருவார்கள்? பத்துப் பேரும் ஒன்றாக வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதிவுசெய்ய எல்லாருக்கும் ஒரே கற்பனை நோயாளியின் விவர அட்டையைக் கொடுத்ததும் என் சோம்பேறித்தனம்தான்.

ஏழாவதாக அக்கா வந்தாள். மாலை வகுப்பில் மலாய் கற்பதாக எனக்குக் கடிதம் போட்டிருந்தாள்; நம்பியிருந்தேன். அவள் விரல் எழுத்தைத் தேடவே இல்லை. "ரெண்டாவது நிறை, ஒம்போதாவது மரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். தோட்டத்தில் மரங்கள் நிற்கும் வரிசைக்கு நிறை என்று பெயர். ஒரு பிழை இல்லை. எனக்குப் புல்லரித்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு பாப்பா. சுலுவா இருக்கு லா."

பால்வெட்டும் பெண் தன் தொழில் அனுபவத்தைக் கொண்டே விசைப்பலகையைப் புரிந்துகொள்கிறாள் என்று ஆய்வேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பேராசிரியர்கள் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள்.

பட்டத்தோடு திரும்பியதும் ஈப்போவில் ஒரு கிளினிக் என் நிரலை எடுத்துக்கொண்டது. பதிவு மேசைக்கு ஆள் தேடினார்கள். நான் அந்தப் பக்கத்தைக் காட்டி அக்காவுக்கு வேலை கேட்டேன். "எனக்கெதுக்கு லா அது?" என்று இரண்டு முறை சொன்னாள். கூச்சம் என்று நினைத்தேன். நான் பிடித்த பிடியில் தோட்டத்து வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அவளைக் கரையேற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் நாள் மத்தியானம் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். காலையில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகப் பதிவாகியிருந்தார்கள்: ஆண், திருமணமானவர், காய்ச்சல். கைக்குழந்தையோடு வந்த பெண் உட்பட. அது நான் சோதனைக்குக் கொடுத்த அட்டையில் இருந்த நோயாளி.

பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா அன்னிக்கே சொல்லலே?"

"நீ பாஸாவணும்ல. முன்னாடி உக்காந்தவங்க எதெத் தட்டுறாங்கன்னு எண்ணி வச்சுக்கிட்டேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கான்னுதான் கேட்ட பாப்பா. படிக்க வருதான்னு நீ கேக்கவே இல்லியே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தோட்டத்தில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் கான்ட்ராக்டுக்குப் புல் வெட்டப் போனாள். மனிதர்களைக் கவனிக்கப் பட்டம் வாங்கிய நான் கூடப் பிறந்தவளைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, இன்றும்.

அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். நான்தான் பழக்கினேன். திரையில் முதல் கேள்வியைக் காட்டி, "இதெ வாய்விட்டுப் படி" என்றேன். படித்தாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.