ஊசிமுனை கிடைத்த இடம்

மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை, முற்பகல். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் என் தையல் மெஷினில் ஊசி உடைந்தது. துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். தைப்பது குழந்தைகளின் உடுப்பு, ஒரு துண்டும் துணியில் தங்கிவிடக் கூடாது. முனை மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் தையல் வரிசை முழுக்க நின்றது. காந்தத்தால் தரையெல்லாம் துழாவினோம்.

"ஊசி ஊட்டுக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்க்கா" என்று சிரித்த பக்கத்து மெஷின் பூங்கொடி, சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, உங்க கையப் பாருங்க."

இடது சுண்டுவிரலின் ஓரத்தில் முனை ஏறியிருந்தது. துணியில் ரத்தம். எனக்கு வலிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்பிருந்தே அந்த விரல் மரத்திருந்தது. தைப்பவர்களுக்கு வருவதுதான் என்றிருந்தேன். நீங்களும் அப்படி நினைத்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் போய்க் காட்டிய தோல் மருத்துவர் என் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தடவி, நரம்பு தடித்திருக்கிறது என்றார். பிறகு ஒரு நைலான் இழையை எடுத்தார் (மெல்லிய தொடுகை தெரிகிறதா என்று சோதிப்பது, சற்று அழுத்தினாலே வளைந்துவிடும்).

"கண்ண மூடிக்கங்க. பட்டா 'ம்' சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கடைசியா நான் தொடவே இல்லீங்களே."

இழை வரும் இடைவெளியை மனம் கணித்திருக்கிறது. நான் உணர்ந்ததாகவே நம்பினேன்.

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்) என்றார். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய உறுப்புகள், தோல் லேசாக அமுங்கினாலும் நரம்பு வழியே சேதி அனுப்புமாம். என் சேதி முழங்கையில் தடைபட்டிருந்தது.

"மருந்து இருக்குதுங்களா?" என்றார் கூட வந்திருந்த என் கணவர்.

"இருக்குதுங்க. கிருமி செத்துரும். மருந்து ஆரம்பிச்சுட்டா மத்தவங்களுக்கும் பரவாது."

"வெரலுங்க?"

மருத்துவர் என் சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "வீக்கம் எறங்கணும். உணர்ச்சி வரலாம், வராமயும் போகலாம்."

மாத்திரைகளோடு ஸ்டீராய்டும் (நரம்பின் வீக்கம் தணிக்கும் மருந்து) தொடர்ந்தது. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் எடுப்பதில்லை. மாலையில் விளக்கடியில் கையைப் புரட்டிக் காயம் தேடினேன். சித்திரையில் மறுபடி இழையால் சோதித்தார்கள், எதுவும் தெரியவில்லை, நான் 'ம்' சொல்லவே இல்லை. வைகாசியிலும் அப்படித்தான்.

ஆடியில், கண்ணை மூடியிருந்தபோது, விரலின் அடிப்பக்கம், உள்ளங்கையை ஒட்டி, எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. என் ஆசையாக இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். மறுபடியும் வந்தது.

"ம்."

"எங்கன்னு காட்டுங்க."

கண் திறக்காமல் வலது கையால் காட்டினேன். மருத்துவர் மூச்சு விடுவது கேட்டது.

"அதே எடந்தானுங்க."

நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. இப்போது எதைத் தொட்டாலும் முதலில் கண்ணால் பார்க்கிறேன், பிறகு கையை வைத்து ஒரு கணம் நிற்கிறேன். விரலின் அடிப்பக்கம் பதில் சொல்கிறது. நுனிக்கென்று இன்னும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கையை எடுக்கிறேன்.