தென்புறத்து நிழல்

தெற்கத்தி மலையூரான சாந்தன்பாறையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடி வருடத்துக்கு இரண்டு தரம் இடம் மாறும். மார்கழியில் தென்புறம் கட்டியிருக்கும். சித்திரை பிறந்ததும் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்து, வீட்டின் தென்புறம் நிழலாகிவிடும். கொடியும் வடபுறம் போகும். கட்டுவது என் கணவர். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார்.

நான் வீட்டிலிருந்தபடியே செயற்கைக்கோள் படங்களில் இமயமலைப் பனியாறுகளைப் பார்க்கிறேன். பனி உருகி ஏரி தேங்குகிறதா, பெருகுகிறதா என்று குறித்து அனுப்ப வேண்டும். ஏரி உடைந்தால் கீழே இருக்கிற ஊர் போய்விடும். தொல்லை என்னவென்றால், படத்தில் தண்ணீரும் கருப்பு, மலை நிழலும் கருப்பு.

அன்று பார்த்தது ஆனி மாதத்தில், காலை பத்தரை மணிக்கு எடுத்த படம். ஒரு முகட்டின் தென்புறத்தில் கருப்புத் திட்டு. அதற்குக் கீழே ஆற்றங்கரையில் ஓர் ஊர். நிழல்தான் என்று தள்ளிவிட்டேன். மலையில் பிறந்தவளுக்கு நிழல் தெரியாதா என்ற மண்டைக்கனம் வேறு.

மதியம் சாப்பிட வந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். "நம்ம வீட்டுத் தெக்குப் பக்கம் மாதிரியே நிழல் விழுந்திருக்கு, பாருங்க."

அவர் கல்யாணத்துக்கு முன் அந்த மலைகளில் லாரி ஓட்டியவர். "அங்கன அப்பிடி இல்ல புள்ள. ஆனியிலயும் பத்து மணி வெயிலு தெக்க இருந்துதான் அடிக்கும். வருசம் பூரா லாரிக்குத் தெக்குப் பக்கந்தான் துணி காயப் போடுவோம்" என்றார்.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். படத்தோடு வந்த குறிப்பில் சூரியன் நின்ற திசையைப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. தென்புறத்தில் வெயில் என்றால் அந்தக் கருப்பு நிழல் இல்லை, தண்ணீர். சாந்தன்பாறைச் சூரியனை இமயமலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்! முந்தைய வருடப் படத்தில் அந்தத் திட்டு பாதிகூட இல்லை. ஏரி பெருகிக்கொண்டிருந்தது. அவசரம் என்று குறித்து உடனே அனுப்பினேன்.

சில வாரங்களில் ஊரை மேட்டுக்கு மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த வருடம் ஏரி உடைந்தது. புதிதாக வந்த படத்தில், பழைய ஊர் இருந்த இடத்தில் சேறும் பாறையும்தான் தெரிந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே சரிவில் புதுத் தகரக் கூரைகள் மின்னின.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் வீட்டில் புருஷனுக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை. அன்று சொன்னேன், கண் கலங்கிவிட்டது. அவர் குனிந்து கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெக்குச் சரிவுலதான் கட்டியிருக்காக" என்றார். "துணி நல்லாக் காயும்."