வாடையில் ஒரு பாதை, சோளகத்தில் ஒரு பாதை

எங்கள் சபையின் அமர்வு மாதத்தில் ஒரு நாள் நடக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கும். பதினொன்றரை தாண்டினால் மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் கண் சொக்கும். மின்விசிறியின் சத்தமும் வெளியே அடிக்கும் காற்றின் சத்தமும் கலந்து ஒன்றாகிவிடும். யார் பேசுகிறார், எந்தப் பிரேரணை ஓடுகிறது என்பது செயலாளருக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். சில மாதங்களில் அவருக்கும் தெரிவதில்லை.

நான் கூட்டறிக்கை எழுதுகிறவள். மன்னார்த் தீவின் கரையோரச் சபை ஒன்றில் பதினாறு வருடமாக இதே வேலை. எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. அடுத்த மாதமும் நான் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். என் மேசை யன்னலோரம். யன்னலுக்கு வெளியே, சுவர் நிழலில், மூன்று நான்கு கழுதைகள் எந்நேரமும் நிற்கும். கட்டாக்காலிக் கழுதைகளை என்ன செய்வது என்பது எங்கள் நிகழ்ச்சிநிரலில் தவறாமல் வரும் விடயம். அந்த விவாதம் நடக்கும்போதும் அவை தலையைத் தொங்கப்போட்டபடி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். முடிவு அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்படும். அவற்றுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதிக்கொண்டே கனவு காண்பேன். ஒருமுறை சந்தைக் கடைகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைகளும் கதிரைகளும் தவிசாளரும் மெல்ல மெல்ல மிதந்து கடற்கரைப் பக்கம் போவதாகக் கண்டேன். எல்லோரும் அமைதியாகக் கை உயர்த்தியபடியே போனார்கள். கண் விழித்தபோது பிரேரணை நிறைவேறியிருந்தது. என் குறிப்பேட்டிலும் அது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. கை தன்பாட்டில் எழுதப் பழகிவிட்டது. இந்தத் திறமையைப் பற்றி எனக்குள்ளே கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வந்தான் என்னைக் கொண்டுபோய்ப் பிழையில் விட்டது.

அந்தப் பிழையில் அகப்பட்ட அக்கா எங்கள் சபைக் கந்தோருக்கு முதன்முதல் வந்தது ஒரு தை மாதத்தில். தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். என்னைப் பார்த்து 'மேடம்' என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கட வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம், மேடம். பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வெள்ளிக்கிழமை கிளினிக். ஓட்டோ மெயின் ரோட்டிலயே நிண்டிடும், மணலுக்குள்ள இறங்காது. கதிரையில இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போறம்."

"எந்தக் கதிரை?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியாது.

"வீட்டில இருக்கிற மரக்கதிரைதான். பிளாஸ்ரிக் எண்டா வளையுது."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மணற்பாதைக்குக் கொங்கிறீற் போட்டுத் தர வேண்டும், தன் வீட்டு வாசற் படலையடி வரைக்கும். நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டுக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்கப் போனார். சபையிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும் என்றபடியால் நானும் போனேன். வாடை வீசும் காலம். வெயில் இருந்தது, சூடு இல்லை. பாதை வெள்ளை மணலில், ஆயிரம் காலடிகள் பதிந்து, வீடுகளுக்கு முன்னால் வளைந்து தென்கடலுக்கு இறங்கியது. கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. ஆட்கள் வலையோடும் மீன்பெட்டியோடும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கடைசி வீட்டுப் படலையில், அந்த மரக்கதிரையில், அக்காவின் கணவர் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையைத் தூக்கிப் போகிற ஒவ்வொருவரையும் மறித்தார்.

"ஆர் போறது?"

போகிறவர் பெயரைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர் என்றால் காற்று எப்படி என்று கேட்பார். வருகிறவர் என்றால் மீன்பாடு எப்படி என்று கேட்பார். பதில் சொல்லாமல் ஒருவரும் அந்தப் படலையைத் தாண்டவில்லை. சிலர் கதிரைக் காலடியில் இரண்டு மீனைப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களையும் மறித்தார்.

"நாங்கள் சபை" என்றேன்.

"சபையோ? அப்ப மெதுவாத்தான் போவியள்" என்றார்.

உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே பாதை நெடுக ஒன்பது மரமுளைகள் அடித்தார், படம் கீறினார். விவரம் எழுதும் வேலை என்னுடையது. முளை ஒன்றிலிருந்து முளை ஒன்பது வரை என்று எழுதியிருந்தால் முடிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பாதையும் காலடிகளும் மனதுக்குள் கிடந்தன. 'பிரதான வீதியிலிருந்து குடியிருப்பினூடாக மக்கள் நாளாந்தம் நடந்து செல்லும் மணற்பாதை' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். கந்தோரில் இப்படித் தமிழ் எழுத வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாத அமர்வில் அது நிறைவேறியது. வாய்க்கால் துப்புரவுக்கும் கழுதைகளுக்கும் நடுவில், அரை நிமிடம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். ஆனால் சுவாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கி, வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆட்கள் வரும்போது ஆடி பிறந்துவிட்டது.

எங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் தெற்குக் கரையில் நிற்கும். தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பினால் தென்கடல் பொல்லாததாகிவிடும். வள்ளங்கள் வடக்குக் கரைக்குப் போகும். ஆட்களின் கால்களும் கூடவே போகும். அந்தக் குடியிருப்பில், சோளகத்தில் ஒருவரும் கடற்பக்கப் பாதையால் நடப்பதில்லை. காற்று அதில் மணலைக் கொண்டுவந்து குவித்து, பாதை இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிடும். வீடுகளுக்குப் பின்னால், பனைமட்டை வேலியின் மறைவில், வேறொரு பாதை விழும். கார்த்திகையில் இது மறைந்து அது திரும்ப வரும். இங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் இங்கேதான் பிறந்தேன். மூச்சு விடுவதை நினைக்காததுபோல் இதையும் நான் நினைக்கவே இல்லை.

வேலைக்கு வந்தவர்கள் முருங்கன் பக்கத்து ஆட்கள், வயல் நாட்டுக்காரர். அங்கே பாதை போட்ட இடத்திலேயே கிடக்கும். அவர்கள் முளைகளைத் தேடினார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறபோது முளை எம்மாத்திரம். முளை இல்லாமல் படமும் உதவவில்லை. கோப்பை எடுத்து வாசித்தார்கள். மக்கள் நாளாந்தம் நடந்து செல்லும் பாதை. ஆட்களைக் கேட்டார்கள். ஆட்கள் தாங்கள் நடக்கிற பாதையைக் காட்டினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க அக்கா கணவரோடு ஆசுப்பத்திரி வாட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது வேலி மறைவுப் பாதையில் கொங்கிறீற் காய்ந்து, அதில் ஒரு கழுதையும் படுத்திருந்ததாம்.

அவர் கந்தோருக்கு வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மேடம், ரோட்டு வந்திட்டுது. எங்கட வீட்டுக்கு மட்டும் வரேல்ல" என்றார்.

கோப்பை எடுத்தேன். தாள்களுக்கு நடுவிலிருந்து மணல் மேசையில் கொட்டியது. என் வசனத்தை மூன்றாம் தரம் வாசித்தேன். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

"பிழை என்ரை, அக்கா. நான் எழுதினதுதான் இப்பிடி வந்தது."

அவர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த வருசம் வருமோ?" என்று மட்டும் கேட்டார். முயற்சி செய்வோம் என்றேன். கந்தோரில் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று முகாமில் இருபது வருடம் வரிசையில் நின்றவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வாடை திரும்பியபோது பழைய பாதை தானாகவே வரும், பாதி ஆறுதலாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரு பின்னேரம் பார்க்கப் போனேன். பாதை வரவில்லை. கொங்கிறீற்றில் சைக்கிள் ஓடும், மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடலாம். யார் இனி மணலில் கால் புதைய நடப்பார்கள்? எல்லோரும் பின்பக்கத்தால் போய் அப்படியே கரைக்கு இறங்கினார்கள். கடற்பக்கம் மணல் ஒரு அடையாளமும் இல்லாமல், துவைத்து விரித்த துணியாகக் கிடந்தது. படலையில் அவர் அதே கதிரையில் இருந்தார். கதிரைக் காலடியில் மீன் இல்லை. நான் தூரத்தில் வரும்போதே இடது கை மேலே போய்விட்டது.

"ஆர் போறது?"

அன்றைக்கு அந்தப் பாதையால் வந்த முதல் ஆள் நான்தான் என்று அக்கா பிறகு சொன்னார். நான் அந்த மனிதருக்கு ரோட்டைக் கொடுக்காமல் விட்டது மட்டுமில்லை. அவரிடம் இருந்த ஆட்களையும் கொண்டுபோய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற கழுதையின் மறைவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சபை" என்றேன்.

"மெதுவாத்தான் வந்திருக்கிறியள்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கும் நால்வரில் ஒருவர் கடலுக்குப் போகிறார் என்று அக்கா சொல்லியிருந்தார். எங்களுக்கு மாதத்தில் இரண்டு தரம் ஒன்றரை மணி நேரச் சோட் லீவு உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். சேலையை இழுத்துச் செருகி, கதிரையின் நாலாவது காலை நான் பிடித்தேன். ஆண்கள் மூவரும் கூச்சத்தோடு பார்த்தார்கள். படலையிலிருந்து, ஓட்டோ வந்து நிற்கும் கொங்கிறீற் முனை வரைக்கும், நாற்பத்திரண்டு காலடி. மணலில் பாரத்தோடு நடக்கும்போது ஒவ்வொன்றும் எண்ணத்தானே வரும்.

"தங்கச்சி, உங்கட பக்கம் சரியுது" என்றார் கதிரையில் இருந்தவர். பிறகு தானே, "சபையெண்டா ஒரு பக்கம் சரியத்தான் செய்யும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து மாதத்தின் இரண்டு சோட் லீவும் அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குப் போயின. காலை வெளிச்சத்தில், பேசிக்கொண்டே, ஒரு மனிதரைத் தரைக்குக் கொஞ்சம் மேலாகக் கொண்டுபோகும் அந்த நேரம் எனக்கு என் கனவுகளில் ஒன்றாகவே தோன்றும். அவர் தமிழ்நாட்டில் தான் வர்ணம் பூசிய வீடுகளைப் பற்றிச் சொல்வார். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன நிறம் என்று வரிசையாகச் சொல்வார். நாங்கள் அந்தத் தெருவால் நடப்போம். முனைக்கு வந்து கதிரையை இறக்கும்போதுதான் கை நோவது தெரியும்.

அடுத்த வருடம் மிச்சப் பாதைக்கான பிரேரணை வந்தது. இந்தமுறை விவரத்தில் அழகு ஒன்றும் சேர்க்கவில்லை. கொங்கிறீற் முனையிலிருந்து இன்ன வீட்டின் படலை வரை, நாற்பத்திரண்டு காலடி. தவிசாளர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியை உயர்த்தினார்.

"காலடிக் கணக்குப் போட்டிருக்கு. இதை ஆர் அளந்தது?"

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். அமர்வில் எழுதுகிறவள் பேசக்கூடாது. பதினாறு வருடத்தில் நான் பேசியதில்லை.

"நான்தான் சேர். கதிரையைத் தூக்கிக்கொண்டு நடக்கேக்க எண்ணினனான்."

சொக்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது என்று தெரியாத அளவுக்கு எல்லாக் கைகளும் ஒன்றாக எழும்பின. அதை நான் எழுதினேன். நான் பேசியதை எழுதவில்லை.

வாடை முடிய முன்னமே வேலை நடந்தது. உத்தியோகத்தரும் நானும் இரண்டு நாளும் வெயிலில் நின்றோம். காய்ந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஓட்டோ நேரே படலைக்கு வந்து நின்றது. அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் 'மேடம்' என்பதை எப்போது விட்டார் என்று எனக்கு நினைவில்லை. தூக்குகிற மூவரும் அக்காவின் கணவரை ஓட்டோவில் ஏற்றி இருத்தினார்கள். ஒரு நிமிட வேலை. எனக்குப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் சும்மா நின்றேன்.

அவர் வெறும் கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி நீங்கள் வரமாட்டியள், என்ன தங்கச்சி?"

ஓட்டோக்காரர் எஞ்சினைப் போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வேலி மூலையில் திரும்பியது.

மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை இப்போதும் சோட் லீவு எடுக்கிறேன். கிளினிக் முடிந்து அவர் திரும்பி வந்து கதிரையில் இருக்கும் நேரம் பார்த்துப் போவேன். அவர் கை தூக்குவார், நான் பெயரைச் சொல்வேன். லீவுப் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதுகிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை.