மச்சான் ஊரைப் பார்த்த குழாய்

எங்கள் திருவாடானைப் பக்கத்தில் ஒரு விசேஷம் நன்றாக நடந்ததா என்று சோற்றை வைத்துச் சொல்ல மாட்டார்கள். எத்தனை ஊருக்குக் கேட்டது என்பதை வைத்துத்தான் சொல்வார்கள். பனைமரத்தில் ஏற்றிக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரன் எந்தத் திசையில் இருக்கிறானோ, அதன் வாய் அந்தத் திசையைப் பார்க்கும். நேரில் போய் அழைத்தால் நம் கௌரவம் என்னாவது?

என் மகளுக்குக் காது குத்து வைத்தபோது மனைவியின் அண்ணன், என் மச்சான், கண்மாய்க்கு அக்கரையில் இருந்தார். எங்கள் இருவர் வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பை நான் வெட்டினேன் என்று அவரும், அவர்தான் வெட்டினார் என்று நானும் முகம் பார்க்காமல் இருந்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்.

"எங்க அண்ணன் வராம ஆசாரி பிள்ளையத் தொடக்கூடாது" என்று மனைவி சொல்லிவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குழாயை அக்கரைக்குத் திருப்பிக் கட்டச் சொன்னேன்.

விடிந்ததும் பாட்டு கிழிந்தது.

"குழாய்க்குள்ள சத்தம் வர்ற யூனிட்டு போச்சுண்ணே, வேற மாத்துறேன்" என்றார் செட்டுக்காரர்.

பாட்டு ஏது, சொல் ஏது, ஒன்றும் தெரியவில்லை. தகரத்தைத் தார்ரோட்டில் இழுத்துப் போகிற மாதிரி ஒரே அலறல். ஆனால் மரத்தடியில் நின்றேன் பாருங்கள், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, பல் கூசியது, வரப்பே மறந்துபோனது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. ஊர்ப் பெரிசுகளும் ராகம் பிடிபட்டவர்கள் போலத் தலையாட்டினார்கள்.

"இதுதான்யா தூரத்துக்கு எட்டுது, மாத்தாத" என்றேன்.

எட்டத்தான் செய்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் விறுவிறுவென்று வந்தார். கையில் சீர்த்தட்டு இல்லை. ஆள்காட்டி விரல்தான் நீண்டிருந்தது. பந்தலுக்குள் நுழைந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. நானும் சளைக்காமல் திட்டினேன். அவருக்கும் கேட்டிருக்காது. கத்திக் களைத்து அவர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததுதான் தாமதம், மனைவி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டாள். ஆசாரி வேலையை முடித்தார். பிள்ளை வீரிட்டதுகூட யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் மட்டும் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து செட்டுக்காரர், நான் சொன்னதையும் மீறி, புது யூனிட்டு மாட்டுகிறேன் என்று செட்டை நிறுத்தினார். பந்தல் அடங்கிப்போனது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வரப்பு இருவர் நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது.

முதலில் பதறியவர் மச்சான்தான்.

"ஏப்பா, புதுசெல்லாம் வேணாம்" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினார். "அந்தக் கிழிஞ்சதையே போடு."