கணீரக்கா மெதுவாகப் பேசிய கதை

எந்தக் கடை தள்ளுபடி அறிவித்தாலும் ஊர் முழுக்கக் கேட்டது ஒரே தொண்டைதான். "வாங்க வாங்க! இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்!" என்று அவள் அரை நிமிட விளம்பரத்தில் அள்ளிக் கொட்டுவதைக் கேட்டால், வீட்டில் நாலு மெத்தை கிடப்பவருக்கும் ஐந்தாவது மெத்தை இல்லாமல் உயிர் தரிக்காது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கணீர். வயது நாற்பதைத் தாண்டியதும் அது கணீரக்கா ஆயிற்று.

வீட்டிலும் அவள் அதே வேகத்தில்தான் பேசுவாள். "சாப்பிடவாங்கஆறிப்போகுது" என்பது அவள் வாயில் ஒரே சொல். அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். காலையில் கருவிப் பையோடு கிளம்பினால் யார் யார் வீட்டு மாடிக்கோ ஏறி இறங்கி, கிரீஸ் வாசத்தோடு திரும்பி வருவார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்குக்கூட ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே! கட்டிலில் இவள் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். நடுவில் மடிக்காத துணிக் குவியல் மூன்றாவது ஆளாகப் படுத்திருந்தது.

இந்த நிலையில்தான் கூடத்துக்கு அந்த ஃபிசியோ வந்தாள். முதுகுவலி, கழுத்துவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், முப்பது வயசு இருக்கும். தன் உடம்பைத் தானே பிடித்துவிட்டுக்கொள்வது எப்படி, மூச்சை இறக்குவது எப்படி, கணவன் மனைவி சேர்ந்து செய்கிற தந்திரப் பயிற்சிகள் எப்படி என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே செய்கிற மாதிரி ஒலித்தொடர். பேசுவதாக இருந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், ஒலிப்பதிவாளர் கணீரக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

கண்ணாடி அறைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா தொடங்கினாள். உள்ளங்காலில் தொடங்கிய எண்ணெய் உச்சந்தலைக்கு வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஃபிசியோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொல்றதைக் கேட்டா கால்ல எண்ணெய் தேய்க்கத் தோணல. கால் தெறிக்க ஓடத்தான் தோணுது."

ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகப் படித்துப் பார்த்தாள். அது இழவு வீட்டு அறிவிப்பு மாதிரி வந்தது. குழைந்து படித்தாள். அது குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி இருந்தது.

"இதுல இருக்கறதை ஒரு தடவையாவது நீங்க செஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் ஃபிசியோ.

"மெத்தை விக்கறேன்னா எல்லா மெத்தையிலயும் படுத்தா பாக்கறேன்?"

"இதுல படுத்துத்தான் ஆகணும் அக்கா. கை போற வேகத்துலதான் வாயும் போகும். வீட்ல செஞ்சு பாத்துட்டு வாங்க."

மறுநாள் மத்தியானம் படுக்கையறைத் தரையில் பழைய துண்டை விரித்து உட்கார்ந்தாள் அக்கா. சின்னக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணியிருந்தாள். வலது காலைத் தூக்கி மடியில் போட்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி பரபரவென்று தேய்த்தாள். முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தாளைப் புரட்டினாள். 'வலிக்கிற இடத்தில் கட்டை விரலை வைத்து நிறுத்துங்கள். தேய்க்க வேண்டாம். அது தானாக இளகும்வரை மூச்சை விட்டுக்கொண்டு காத்திருங்கள்' என்று இருந்தது.

காத்திருப்பதா? அவள் வாழ்க்கையில் பால் பொங்குவதற்குக்கூடக் காத்திருந்ததில்லை. சரி பார்ப்போம் என்று கட்டை விரலைப் பாதத்தின் குழியில் ஊன்றினாள். சுரீர் என்றது. மூச்சை விட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். திடீரென்று விரலுக்கு அடியில் ஏதோ கட்டு அவிழ்ந்து வெண்ணெயாகக் குழைந்தது. அவிழ்ந்தது கால்தான், ஆனால் தாடை தானாகத் திறந்துகொண்டது! அவள் அப்படியே வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அவளை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம், விரலிடுக்கு, காது மடல் என்று புது ஊருக்கு வந்தவள் போலத் தன் உடம்பில் சுற்றி வந்தாள். தோளில் கை வைத்தபோதுதான் தெரிந்தது, அவை இரண்டும் காதுக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தன என்று. வலது கையால் இடது தோளைப் பிடித்து, தலையைச் சாய்த்து, மூச்சோடு சேர்த்து இறக்கினாள். கடைசியில் வயிறு. இத்தனை காலம் கண்ணாடி முன்னால் நின்று 'உள்ளே போ' என்று அதட்டிய வயிறு. அதன்மேல் சூடான உள்ளங்கையை வைத்து வட்டமாகச் சுற்றினாள். அது கடகடவென்று பதில் சொன்னது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கு ஓடினாள். "ஏங்க! எனக்குத் தோள் இருக்குங்க!"

அவர் கருவிப் பையைக் கையில் வைத்தபடியே நின்றார். "இத்தனை நாள் இல்லையா?"

"இல்லைங்க! இன்னைக்குத்தான் வந்துது!"

அடுத்த வாரம் கூடத்தில் முதல் பாகம் பதிவாயிற்று. 'கட்டை விரலை வையுங்கள்' என்று சொல்லிவிட்டு, தன் காலில் விரலை வைத்திருப்பது போலவே அவள் நிறுத்தினாள். நிறுத்திய இடமெல்லாம் சரியான இடமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் தன்னையறியாமல் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஃபிசியோ வெளியே நின்று குதித்தாள்.

குதித்து முடித்து, இரண்டாம் பாகத்தை நீட்டினாள். முதல் தாளின் மேலே 'தந்திரப் பயிற்சி: இருவருக்கு' என்று இருந்தது.

"தந்திரம்னா ஏமாத்தற வேலைதானே?" என்றாள் அக்கா. "புருஷனை மடக்கறதா?"

"ஐயோ, அது இல்லக்கா. இது பழைய வழி. மந்திரம், வழிபாடு, குருன்னு அதுக்குள்ள ஒரு கடலே இருக்கு. அவ்வளவு ஆழத்துக்கு நாம போகல. மூச்சு, பார்வை, தொடுகை, இந்த மூணை மட்டும் எடுத்துருக்கேன். எதிரெதிரா உக்காரணும், ஒண்ணா மூச்சு விடணும், கேட்டுட்டுத் தொடணும். எங்கயும் போய்ச் சேரணும்னு அவசரம் கிடையாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். 'உங்கள் துணையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து' என்ற இடம் வந்ததும் அக்காவின் கணீர்க் குரல் கிணற்றுக்குள் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இதைச் செஞ்சு பாக்க ஒரு ஆள் வேணுமேம்மா" என்றாள் அக்கா.

"அதான் வீட்ல அண்ணன் இருக்காரே?"

"இருக்காரு, இருக்காரு" என்று இழுத்தாள் அவள்.

எப்படிக் கேட்பது என்று சனிக்கிழமை முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் செய்தித்தாளை விரித்ததும் ஒத்திகை எல்லாம் பறந்துபோய், மொத்தமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. அவர் தாளை மடித்தார்.

"கண்ணைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"ஆமா."

"பாத்தா?"

"பாக்கறதுதான் வேலை."

அவர் யோசித்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டு நகக்கண்ணிலிருந்த கிரீஸ் போகும்வரை கையைக் கழுவினார். வந்து, கட்டிலில் கிடந்த துணிக் குவியலை இரண்டு கையாலும் வாரி நாற்காலியில் போட்டார். "சரி, உக்காரு."

முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். பார்த்தார்கள். அவருடைய உதட்டோரம் துடித்தது. இவளுக்கு அடக்க முடியவில்லை, பக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார்கள்.

"நீ முன்னால ஓடற" என்றார் அவர், மூச்சைப் பற்றி.

"நீங்க பின்தங்கறீங்க."

"சரி, நான் உன்னைப் பிடிக்கறேன். நீ கொஞ்சம் நில்லு."

அவள் நின்றாள். எங்கேயோ ஓரிடத்தில் இரண்டு மூச்சும் சேர்ந்துகொண்டன. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். குழாய் சொட்டியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது புருவத்தில் வெள்ளை முடி. அதற்குக் கீழே, இமையின் மேல், சின்னதாக ஒரு தழும்பு.

"இது எப்போ?"

"கம்பிவடம் தெறிச்சு அடிச்சது. மூணு வருஷம் இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். நீ அடுப்புல எதையோ கிளறிக்கிட்டிருந்த."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அந்தத் தழும்பின்மேல் விரல் நுனியை வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "நான் இங்க வெக்கலாமா?" என்று கேட்டு, அவள் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டி நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டினாள். கனமான கை. நட்டும் போல்ட்டும் முறுக்கிக் காய்த்த கை. அது இவ்வளவு லேசாக வந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது.

"இது ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?" என்றார்.

"நீங்கதான் காரணம்" என்றாள்.

அப்புறம் நடந்தது அவர்கள் சமாசாரம். மத்தியானச் சாப்பாட்டை அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட்டார்கள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லா நாளும் அப்படி அமைந்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆசையாக எண்ணெயைச் சூடு பண்ணி வைத்தபோது, "இன்னைக்கு வேண்டாம்மா, ஒரே அசதி" என்றார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுப்பறைக்குப் போய் டம்ளர்களை உருட்டினாள். பிறகு தாளில் இருந்தது நினைவுக்கு வந்தது: வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் வேண்டும் என்பதற்கும் மதிப்பு. திரும்பி வந்து கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்காக வேண்டாம். உங்க கையை நீங்களே பிடிச்சுக்கோங்க. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க." முழங்கைக்குக் கீழே கட்டை விரலை ஊன்றிய அவர், "ஆ!" என்று அலறினார். கொஞ்ச நேரத்தில் அது "ஆகா" ஆகிவிட்டது.

கடைசிப் பாகம் பதிவாக வேண்டிய நாள் வந்தது. அக்கா வாயைத் திறந்தாள். பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். மறுபடி தொடங்கினாள். டம். அந்தக் கட்டடத்து லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் வந்து நிற்கும்போது இடித்தது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் போட்டார். "அக்கா, மூச்சுப் பயிற்சிக்கு நடுவுல குண்டு வெடிக்குது. இன்னைக்கு நடக்காது."

"ஏன் நடக்காது?" என்று அக்கா போனை எடுத்தாள்.

கணவர் பையோடு வந்து சேர்ந்தார். லிப்டுக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ரோலர் தேஞ்சிருக்கு. புதுசு வாங்கிட்டு வந்துதான் மாட்டணும். எப்படியும் இதை இப்ப ஓட விடக் கூடாது." 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையைத் தொங்கவிட்டார். கட்டடம் அமைதியாயிற்று. மாடிப்படியில் மட்டும் யாரோ முனகிக்கொண்டே ஏறினார்கள்.

"அப்ப நான் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று அவர் திரும்பினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நீங்க உள்ள வாங்க. எதிர்ல உக்காருங்க."

"இங்கயா? இவங்க முன்னாடியா?"

"கண்ணைத்தாங்க பாக்கப் போறோம்!"

ஃபிசியோ கை தட்டிவிட்டாள். சாவிக்கொத்து கிலுங்கும் என்று ஒலிப்பதிவாளர் அவர் இடுப்பிலிருந்து அதை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு முக்காலி, நடுவில் மைக். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எதிரில் இருப்பவரைப் பாருங்கள்" என்றாள் அக்கா, அவரைப் பார்த்தபடி. "அவர் மூச்சை இழுக்கும்போது நீங்களும் இழுங்கள். விடும்போது விடுங்கள்." அத்தோடு நிறுத்திவிட்டாள். தாளில் அடுத்த வரி இருந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை. திரையில் குரலைக் காட்டும் கோடு அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர் நிறுத்தும் பொத்தானருகே கொண்டுபோன விரலை எடுத்துக்கொண்டார். அந்த அமைதிக்குள் இரண்டு மூச்சு மட்டும் ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருந்தது.

பதிவு முடிந்ததும் ஃபிசியோ அழுதுகொண்டே சிரித்தாள். ஒலிப்பதிவாளர் தாழ்வாரத்துக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்ல. சும்மாதான். சும்மா கூப்பிடக் கூடாதா?" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. லிப்ட்காரர் காது மடல் சிவக்க எழுந்து, சாவிக்கொத்தை மறந்து, ரோலர் வாங்கப் படியில் தாவி இறங்கினார்.

தொடர் வெளிவந்து கொஞ்ச நாளில் ஒரு காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. மூச்சிரைக்கப் பேசினாள்.

"அம்மா! எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணு கேக்கறாங்க. நானும் கேட்டேன். உன் குரல் மாதிரியே இருக்கு. ஆனா அது நீயா இருக்க முடியாது, அவ்வளவு மெதுவா!"

"நான்தான்டி."

"நெஜமாவா! சரி, கடைசிப் பாகத்துல பக்கத்துல ஒரு ஆம்பளை மூச்சு கேக்குதே, அது யாரும்மா?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உங்கப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கூச்சல். "அப்பாவா! நம்ம அப்பாவா!"

கையில் எண்ணெய் வழிய வழிய வந்த லிப்ட்காரர், இரண்டு விரல் நுனியால் போனை வாங்கிக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றார். "எப்படி, நல்லா வந்திருக்கா?"