திரைக்குள் போன சாக்பீஸ்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கடவுள் கொடுத்த சொத்து அவருடைய தொண்டை. பள்ளிக்கூடத்தில் அவர் ‘அ’ என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நோய் பரவி ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அத்தனை பெரிய தொண்டையை ஒரு சின்னப் போனுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அடுப்படியிலேயே வகுப்பு நடத்தினார்.

பஸ் ஓடாததால் டிரைவரான கணவரும் வீட்டோடு இருந்தார். பாவம், குளித்துவிட்டு வந்தாலும் குற்றம்.

“டீச்சர், மாமா துண்டோட போறாரு!”

உடனே எல்லாப் பிள்ளைகளும் எழுந்து, “குட் மார்னிங் மாமா!” என்பார்கள். மனிதர் கூனிக்குறுகி ஓடுவார்.

டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பேசலாம். மற்றவர்கள் வாயில் விரல். போனிலும் அதை அவர் விடவில்லை. சாக்பீஸைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளுவது போல் காட்டுவார். பக்கத்துக் கட்டத்துப் பிள்ளை கை நீட்டி வாங்கிக்கொள்ளும். அதன் கையில் இருப்பது பென்சிலோ பல் துலக்கும் பிரஷோ, அதுதான் சாக்பீஸ். பேசி முடித்ததும் தன் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிடும்.

ஆனால் ஒரு போனில் பக்கத்தில் தெரிகிறவன் இன்னொரு போனில் மூலையில் கிடப்பான். இது டீச்சருக்குத் தெரியாது.

“எனக்குத்தான் வந்துச்சு!”

“பொய் டீச்சர்! அவ என்னைப் பாத்துத்தான் தள்ளினா!”

“பாதிப் பாதியா உடைச்சுக்கங்க சாமிகளா, என் உயிரை வாங்காதீங்க.”

இந்த அமளியில் பூனைக்குட்டியின் கட்டம் காணாமல் போனதை டீச்சர் தாமதமாகத்தான் கவனித்தார். குரல் அவ்வளவு மெல்லியது என்பதால் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு செல்லப் பெயர். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். இப்படி நின்றுபோன பிள்ளைகள் சிலர் திரும்பி வரவே இல்லை. இவளும் போய்விடுவாளோ என்று டீச்சர் பயந்தார். அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டார்.

“வரமாட்டேங்குறா டீச்சர். சாக்பீஸ் வரவே இல்லையாம். அழறா.”

“கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, தம்பி?”

“சாக்பீஸ் இல்லாம எப்படிப் பேசுறதுங்குறா. எங்க போன் ரொம்பப் பழசு டீச்சர். அதுல அவளும் நீங்களும் மட்டும்தான் தெரியுறீங்க. நீங்க தினமும் வேற பக்கமே தள்ளுறீங்களாம்.”

டீச்சர் போனை வைத்துவிட்டுக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்டதற்கா குழந்தைக்கு இந்தத் தண்டனை?

“நல்லா இருக்கு உன் சட்டம்!” என்றார் கணவர். “கிளம்பு, நானும் வரேன்.”

முகக்கவசம் கட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். மூடிய முகத்தைப் பார்த்ததும் பூனைக்குட்டி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“தங்கம், நான்தான்டா!” என்றார் டீச்சர். நான்கு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குழந்தையும் எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் வாசல் சுவரில் ஒரு முழு சாக்பீஸை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் மெல்ல வந்து அதை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப நான் பேசலாமா, டீச்சர்?”

“பேசும்மா.”

ஆண்டவனே, அதுவரை அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டியது! விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய், யார் யார் பாடத்தைத் தப்பாகப் படித்தார்கள் என்ற விவரம், பிறகு ஆட்டுக்குட்டிப் பாடம் முழுவதும் ஒரு எழுத்துகூடப் பிசகாமல். டீச்சரின் முகக்கவசம் கண்ணீரில் நனைந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது.

“போதும்டா கண்ணு, டீச்சருக்குக் கால் வலிக்கும்” என்றார் அப்பா.

பூனைக்குட்டி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பா, உங்க கையில சாக்பீஸ் இல்ல.”

அப்பா வாயில் விரல் வைத்துக்கொண்டார். டிரைவரும் வைத்துக்கொண்டார். டீச்சர் முகக்கவசத்தின் மேலேயே வைத்துக்கொண்டார்.