என் மைக்செட்டில் என் வரி பாக்கி

வாடகைக்குப் போகும் சாமான்களில் மைக்செட்டை மட்டும் நான் தனியாக அனுப்புவதில்லை. நாற்காலி போனால் எண்ணி வாங்கிக்கொள்ளலாம். பிரியாணி தேக்சா அடிப்பிடித்து வந்தால் தேய்த்துக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் அப்படியில்லை. கோவளத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் அதன் மேல் பாயசச் சட்டியை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டி போகும் இடமெல்லாம் நானும் போவேன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். சில வீடுகளில் என்னை மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று நினைத்து முதல் பந்தியிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

அப்படித்தான் ஒரு மார்ச் மாதம் வரி ஆபீஸிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டச் சொல்லி ஆள் வந்தது. பழைய வரி பாக்கி வைத்திருக்கும் கடைகளைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் கட்டாத கடைகளுக்கு சீல். படிக்கிறவர், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பில் கலெக்டர். சின்ன வயசு, கணீரென்ற குரல். எனக்கோ கை நிறைய வேலை. அந்த வாரக் கடைசியில் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். தேக்சா, டேபிள், நாற்காலி எல்லாம் என் கடையிலிருந்துதான் போக வேண்டும்.

எனக்கும் வரி பாக்கி இருப்பது எனக்குத் தெரியாது. கடல் ஊருக்குள் வந்த வருஷம் படகுக்கு நிவாரணம், வலைக்கு நிவாரணம் என்று தினம் ஒன்று சொன்னார்கள். எங்கள் தெருவில் யாரோ 'வரியும் தள்ளுபடி' என்றார்கள். நல்ல சேதியை யார் போய் விசாரிப்பது? எந்த வரி, எத்தனை வருஷத்துக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவனும் இல்லை. அதற்கப்புறம் ஆபீஸிலிருந்து வந்த காகிதமெல்லாம் தள்ளுபடிக் காகிதம் என்றே நினைத்துக்கொண்டேன். கெட்டியான காகிதம். ஆடுகிற டேபிள் காலுக்குக் கீழே மடித்து வைத்தால் டேபிள் அசையாது.

ஆட்டோ கிளம்பியது. பள்ளிவாசல் தெரு முனை டீக்கடையையும் பில் கலெக்டர் படித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். நான் தலையை வெளியே நீட்டினேன்.

"இன்னா மச்சான், உன் பேரு ஊரெல்லாம் நாறிகினு கீது?"

"சிரி பாய், சிரி. உனக்கும் வரும்."

"நம்ம கடை சுத்தம்பா!"

பில் கலெக்டர் அடுத்ததைப் படித்தார். "பள்ளிவாசல் தெரு, கிணத்துக்கு எதிரில், பந்தல் பாத்திரம் வாடகைக் கடை!"

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "எவன்யா அவன், என் தெருவுல வந்து போட்டிக் கடை போட்டவன்?"

டீக்கடைக்காரன் பாய்லரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றுக்கு எதிரே இருப்பது நான்தான். அதற்குள் என் வீட்டுக்காரி கடைக்குள்ளிருந்து வந்து ஆட்டோவை மறித்துவிட்டாள்.

"இன்னாங்க, நம்ம கடையத் திட்றாங்க, நீங்க பொட்டியப் புடிச்சிகினு குந்திகினு கீறீங்க?"

"திட்டல, படிக்கிறாரு."

"ஆபீஸ் காயிதத்த எல்லாம் டேபிளுக்கு முட்டுக் குடுக்காதன்னு சொன்னனா இல்லியா? நாளைக்கு சீல் வச்சா உங்க தங்கச்சி எதுல பிரியாணி ஆக்குவா? உங்க தலையிலயா?"

அவள் பேச்சு எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பில் கலெக்டர் வாயைத் திறந்தபடி மைக்கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்தார். என் மைக்செட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை வரைக்கும் கேட்கும்.

வீட்டுக்காரியும் ஏறிக்கொள்ள, அதே ஆட்டோவிலேயே ஆபீஸுக்குப் போனோம். வழியில் பில் கலெக்டரிடம் கேட்டேன்.

"தம்பி, மைக் வாடகை எனக்கு வரணும். அத வரியில கழிச்சிக்கயேன்."

"ஆகாது பெரியவரே. வாடகை குடுக்குறது வேற ஜன்னல், வரி வாங்குறது வேற ஜன்னல்."

பாவம், நல்ல பிள்ளை. பெரிய அதிகாரியிடம் அவரே போய்ப் பேசினார். பாதியை இப்போது கட்டினால் மீதியைத் தவணையில் கட்டலாம், சீல் கிடையாது என்று வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரி நிக்காஹுக்குப் புடவை எடுக்க வைத்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்து, எண்ணாமல் என் கையில் அடித்தாள். அதுவும் கொஞ்சம் குறைந்தது. சரி என்று முதல் ஜன்னலில் மைக் வாடகையை வாங்கினேன். அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தேன். உள்ளே அதே ஆள், நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்து, இப்போதுதான் கொடுத்த அதே நோட்டுகளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல நோட்டுதானா?" என்றார்.

"நீ குடுத்ததுதான்பா" என்றேன்.

தேக்சாக்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. என் வீட்டுக்காரி பழைய புடவையிலேயே வந்தாள். பில் கலெக்டரை நான் அழைத்திருந்தேன், வந்தார். முதல் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் கடை டேபிள்தான். முட்டுக் கொடுத்திருந்த காகிதங்களை ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டதால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பிரியாணிக்கு ஊற்றிய தால்சா அவர் சட்டையை நோக்கி ஓடிவந்தது.

"பெரியவரே, அடியில எதாவது காகிதம் மடிச்சு வைங்களேன்" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, கரண்டியைத் தூக்கியபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சாப்பிட்டு முடியும்வரை நான் ஒரு கையால் டேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.